உட்கார முடியாத வலி

(குத்துக்கல்வலசையில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவக் குழுவின் சார்பில் அளிக்கப்பட்ட உரை)

 

சென்ற கூடுகை முடிந்து நாங்கள் புறப்படும்போது உங்களில் ஒரு பெரியவர் எங்களை நிறுத்தி, "ஐயா, நாங்க கொடுக்கிற காணிக்கை எல்லாம் ஆபரேஷனுக்குத்தானே போகுது?" என்று கேட்டார். ஆம் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனோம். அது முழுப் பதில் அல்ல என்று பின்பு தோன்றிற்று. ஆகவே முதுகுத்தண்டில் உண்டாகும் ஒருவகை நீர்ப்பைகளைக் குறித்தும், அதே நீர்ப்பை இருந்த இரண்டு நோயாளிகளைக் குறித்தும் இன்று பேச விரும்புகிறோம். ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. மற்றவருக்குத் தேவைப்படவில்லை. இருவருக்கும் உங்கள் காணிக்கை பயன்பட்டது.

முதலில் அந்தச் சகோதரி. வயது நாற்பதைத் தாண்டியவர், பீடி சுற்றுபவர். இந்த வட்டாரத்தில் அந்தத் தொழிலைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, பீடிக்கடைக்குக் கணக்குக் கொடுக்கும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். உட்கார முடியாவிட்டால் கூலி இல்லை.

இந்தச் சகோதரிக்கு உட்காருவதுதான் முடியாமல் போயிற்று. ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே, ஆசன எலும்பின் அருகே, நெருப்பு வைத்ததுபோல் எரியும். அங்கிருந்து தொடையின் பின்புறமாக இறங்கும். இருமினால், தும்மினால் மின்னல்போல் வெட்டும். படுத்தால் தணிந்துவிடும். வெளியே பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. காயம் இல்லை, வீக்கம் இல்லை, நடையில் குறை இல்லை. வீட்டில் அவருக்கு வேலைக்கள்ளி என்று பெயர் வந்தது. கோயிலில் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் பின்னால் சுவரோரமாய் நிற்பார். "ஏன் இப்படிக் குத்துக்கல்லு மாதிரி நிக்க?" என்று கேட்காதவர்கள் இல்லை என்று அவரே எங்களிடம் சொன்னார்.

வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்தார்கள். சுளுக்கு என்று தடவிவிட்டார்கள். எங்களிடமும் இரண்டு முறை வந்தார். நாங்களும் இடுப்புவலி என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டோம். இதை உங்களிடம் மறைப்பது முறையல்ல. புறநோயாளர் பிரிவில் வரிசை நீண்டிருந்தது என்பது ஒரு காரணமாகலாம், நியாயம் ஆகாது.

மூன்றாம் முறை அவர் வந்தபோது எங்கள் மூத்த நர்ஸ் ஒருவர் அவரைத் தனியே அழைத்துப்போய் அருகில் நின்றுகொண்டே பேசினார். "அக்கா, இந்த வலி எப்ப வரும், எப்ப போகும், அதை மட்டும் சொல்லுங்க" என்றார். கால்மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது. "நின்னா வலிக்கல, படுத்தா வலிக்கல, உக்காந்தாத்தான் உசிரு போகுது." கடைசியாக, குரலைத் தாழ்த்தி, இதுவரை எந்த மருத்துவரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னார். சில மாதங்களாகச் சிறுநீர் சரியாகக் கழியவில்லை, அங்கே உணர்ச்சியும் மங்கலாக இருக்கிறது. வெட்கத்தினால் அதை மறைத்திருந்தார்.

அந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்கு வழிகாட்டிற்று. ஏன் என்று விளங்க, நம் முதுகெலும்புக்குள் இருப்பதைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை வருவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்பின் முதலாம் அல்லது இரண்டாம் எலும்பருகே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மாத்திரம் கற்றையாகத் தொங்குகின்றன. பார்வைக்கு அது குதிரைவால் போலிருப்பதால் மருத்துவத்தில் அதன் பெயரும் குதிரைவால்தான். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் தெளிந்த நீரில் இந்த வேர்கள் மிதக்கின்றன. ஒவ்வொரு வேரும் எலும்பின் துவாரம் வழியாக வெளியேறும்போது, சட்டைக்குக் கை இருப்பதுபோல், அதற்கும் ஓர் உறை கூடவே செல்கிறது. அந்த உறைக்குள் சில இடங்களில் நீர் தேங்கிப் பையாகப் புடைக்கலாம். இருதயம் துடிக்கும்போதும் நாம் இருமும்போதும் நீர் உள்ளே தள்ளப்படுகிறது. வாய் குறுகலாயிருந்தால் திரும்பி வருவது கடினம். மீன் பிடிக்கும் கூட்டைப்போல, உள்ளே போக வழியுண்டு, வெளியே வர வழி எளிதல்ல. பை பெரிதாகும்போது தன் வேரையும் பக்கத்து வேர்களையும் நெருக்குகிறது. சில வேளை எலும்பையே அரித்துக் குழிவாக்கிவிடுகிறது.

இவ்வகைப் பைகளுக்குத் தார்லோவ் நீர்ப்பை என்று பெயர். பெரும்பாலும் இடுப்புக்குக் கீழுள்ள திரிக எலும்பில், இரண்டாம் மூன்றாம் நரம்பு வேர்களில் காணப்படும். அந்த வேர்கள்தாம் தொடையின் பின்புறத்துக்கும், உட்காரும் இடத்துக்கும், சிறுநீர்ப்பைக்கும் குடலின் கடைவாய்க்கும் செல்கின்றன. அந்தச் சகோதரி சொன்னவை அனைத்தும் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டியது இதனால்தான்.

முதுகெலும்பில் வரும் நீர்ப்பைகள் எல்லாம் ஒரே வகையல்ல. வயதானவர்களுக்கு முள்ளெலும்புகளின் சிறு மூட்டுகள் தேய்ந்து, அந்த மூட்டிலிருந்தே பை முளைத்து வேரை அழுத்துவதுண்டு. இது இடுப்பின் நான்காம் ஐந்தாம் எலும்புகளுக்கிடையே அதிகம். வளரும் பிள்ளைகளுக்கு நடுமுதுகில் உறைக்கு வெளியே பை உண்டாகி, தண்டுவடத்தை அழுத்தி, கால்கள் விறைத்துப்போவதும் உண்டு. அபூர்வமாக, நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் முட்டை நம் உடலுக்குள் சென்று முதுகெலும்பில் பைகளாகப் பெருகுவதும் உண்டு. ஆடு வளர்க்கும் வீடுகளில் அறுத்த ஆட்டின் குடலையும் ஈரலையும் நாய்க்கு எறியாதிருப்பதும், நாயைத் தொட்டபின் கை கழுவுவதும் இதைத் தடுக்கும். 1988ஆம் ஆண்டு நேபர்ஸ் என்பவரும் அவர் தோழர்களும், உறைகளிலிருந்து உண்டாகும் பைகளை மூன்றாக வகுத்தார்கள். உறைக்கு வெளியே நரம்பிழை இல்லாதவை, உறைக்கு வெளியே நரம்பிழை உள்ளவை, உறைக்கு உள்ளே இருப்பவை. தார்லோவ் பை இரண்டாம் வகை. அதன் சுவரிலேயே நரம்பிழைகள் ஓடுகின்றன. மூட்டிலிருந்து முளைத்த பையைப்போல இதைப் பிடுங்கி எறிய முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறோம்.

இந்தப் பைகளைப் பற்றிய அறிவு எங்கிருந்து வந்தது என்பதும் நம் மிஷன் மருத்துவமனைகளின் வரலாற்றோடு ஒருவாறு சேர்ந்ததே. கனடா நாட்டு மான்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர் 1934இல் ஒரு நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே பணியாற்றிய ஐசடோர் தார்லோவ், இறந்தவர்களின் தண்டுவட நுனியை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, தேடாமலே இந்தப் பைகளைக் கண்டார். முப்பது உடல்களில் ஐந்தில் அவை இருந்தன. 1938இல் அதை எழுதி வெளியிட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 1948இல், இப்படிப்பட்ட பை ஒன்றை அகற்றியதால் காலுக்கு இறங்கும் வலி தீர்ந்த ஒரு நோயாளியைப் பற்றியும் எழுதினார்.

தார்லோவின் முதல் கட்டுரை வெளிவந்து சில ஆண்டுகளில் அதே நிறுவனத்துக்குக் கோட்டயத்தில் பிறந்த ஓர் இளம் மருத்துவர் சென்று பென்ஃபீல்டிடம் பயின்றார். அவர்தாம் டாக்டர் ஜேக்கப் சாண்டி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பஹ்ரைனிலுள்ள அமெரிக்க மிஷன் மருத்துவமனையில் சேவை செய்து, பின்பு மேல்நாடு சென்றவர். மேல்நாட்டிலேயே தங்கிவிடாமல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, 1949இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி இதே பணியைத் தொடங்கினார். அதற்கு முன் தலையிலும் தண்டுவடத்திலும் நோய் வந்த நம் மக்களுக்கு அதற்கென்று பயின்ற அறுவை மருத்துவர் நாட்டிலேயே இல்லை. இன்று எங்களைப் போன்ற சிறிய மருத்துவமனைகள் ஒரு நோயாளியை நம்பி அனுப்பப் பெரிய இடங்கள் இருக்கின்றன என்றால், இத்தகையோர் போட்ட அஸ்திவாரமே காரணம்.

அக்காலத்தில் முதுகில் ஊசி போட்டு மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகித்தார்கள். வாய் குறுகிய பைக்குள் மருந்து உடனே போகாது. மணிக்கணக்கில் காத்திருந்து மீண்டும் படம் எடுக்க வேண்டும். இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், கத்தியும் இல்லாமல் எக்ஸ்ரே கதிரும் இல்லாமல், அந்த நீர்ப்பை வெள்ளை முத்துப்போல் தெரிந்துவிடுகிறது.

ஆனால் பிரியமானவர்களே, ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலிக்காக ஸ்கேன் எடுத்த 500 பேரின் படங்களைப் பார்த்தார்கள். ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேருக்கு இந்தப் பை இருந்தது. அதனால்தான் வலி என்று சொல்லத்தக்கவர்கள் நூற்றுக்கு ஒருவரே. அதாவது, பை இருக்கிறது என்பதனாலேயே வலி பையினால் வந்தது என்று ஆகிவிடாது.

இப்போது இரண்டாவது நோயாளியைச் சொல்லுகிறோம். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு லாரி ஓட்டுநர். இடது காலில் வலி, நடந்தால் கூடுகிறது. ஸ்கேன் எடுத்து, அந்தத் தாளோடு வந்தார். தாளில் திரிக எலும்பில் நீர்ப்பை என்று எழுதியிருந்தது. வீட்டார் அதைக் கட்டி என்று வாசித்தார்கள். அக்கம்பக்கத்தில் புற்றுநோய் என்று ஆகிவிட்டது. மனைவியின் தாலிச் செயினை அடகு வைத்து ஆபரேஷனுக்குப் பணம் தயார்செய்துகொண்டு வந்திருந்தார்கள். "எப்ப வேணும்னாலும் அறுத்துருங்க சார், பிள்ளைகள் சின்னதா இருக்கு" என்றார் அந்த ஐயா.

நாங்கள் அவரைப் படுக்கவைத்துக் காலை ஒவ்வொரு பகுதியாகத் தொட்டுப் பார்த்தோம். வலி காலின் வெளிப்புறமாக இறங்கிப் பெருவிரலுக்குப் போயிற்று. பெருவிரலை மேலே தூக்கும் பலம் சற்றுக் குறைந்திருந்தது. அது இடுப்பின் ஐந்தாம் வேர் செல்லும் வழி. ஸ்கேனில் இருந்த பையோ திரிகத்தின் இரண்டாம் வேரில், அதுவும் வலது பக்கத்தில். வலி இடது பக்கம். படத்தை மீண்டும் பார்த்தபோது, நான்காம் ஐந்தாம் எலும்புகளுக்கிடையே வட்டு பிதுங்கி இடது வேரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த நீர்ப்பை பல வருஷமாக அங்கே சும்மா இருந்திருக்க வேண்டும். அவரைச் சாகும்வரை தொந்தரவு செய்யாமலும் இருக்கலாம்.

மருந்தும், சில வாரம் லாரி ஓட்டாமல் இருப்பதும், எங்கள் பிசியோதெரபி சகோதரர் சொல்லிக்கொடுத்த பயிற்சியும் போதுமாயிருந்தன. பெருவிரலின் பலம் குறைகிறதா என்று வாராவாரம் வரவழைத்துப் பார்த்தோம். குறையவில்லை, திரும்பி வந்தது. செயினை மீட்டுக்கொண்டு வந்து காட்டினார்கள். அன்று அந்தப் பையை அறுத்திருந்தால் வலியும் தீர்ந்திராது, சிறுநீரை அடக்கும் நரம்புக்கும் சேதம் வந்திருக்கலாம். வேண்டாத ஆபரேஷனைச் செய்யாமல் விட்டதற்கு அறிக்கையில் கணக்கு வராது. ஆனால் அந்த வீட்டாருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மறுபடியும் நம் சகோதரியிடம் வருவோம். அவரை ஸ்கேனுக்குத் திருநெல்வேலிக்கு அனுப்பினோம். ஸ்கேன் கட்டணமும் பஸ் செலவும் உங்கள் ஏழை நோயாளர் நிதியிலிருந்து கொடுக்கப்பட்டன. திரிகத்தின் இரண்டாம் மூன்றாம் வேர்களில், வலி இருந்த அதே பக்கத்தில், இரண்டு சென்டிமீட்டருக்கும் மேலான பை இருந்தது. எலும்பும் குழிந்திருந்தது. வட்டுகள் சரியாக இருந்தன. காசநோயோ வேறு கட்டியோ இல்லை. அவர் சொன்னதும், நாங்கள் தொட்டு அறிந்ததும், படம் காட்டியதும் மூன்றும் ஒத்துப்போயின. அப்படி ஒத்துப்போனால்தான் அடுத்த அடி எடுத்துவைக்கலாம்.

நரம்பியல் அறுவைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பினோம். அங்கேயும் உடனே கத்தியை எடுக்கவில்லை. ஸ்கேனின் துணையோடு ஊசி செலுத்திப் பையிலிருந்த நீரை எடுத்தார்கள். இரண்டு நாள் அந்தச் சகோதரி உட்கார்ந்து சாப்பிட்டார். பின்பு நீர் மீண்டும் சேர்ந்தது, வலியும் திரும்பிற்று. வலிக்குக் காரணம் பைதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? சிறுநீர்த் தொந்தரவும் இருந்ததால் அறுவைச் சிகிச்சை செய்வதென்று முடிவாயிற்று. 2001இல் வெளியான ஒரு சிறு தொகுதி நோயாளிகளைப் பற்றிய அறிக்கையில், ஒன்றரை சென்டிமீட்டரைவிடப் பெரிய பையும் அதற்குரிய நரம்பு வலியும் உள்ளவர்களே அறுவையால் அதிகம் பயன்பெற்றதாகக் கண்டிருக்கிறார்கள். ஆயினும் எந்தச் சிகிச்சை சிறந்தது என்பதில் உலக மருத்துவர்களிடையே இன்றளவும் ஒருமித்த கருத்து இல்லை.

அறுவையில் என்ன செய்தார்கள்? நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, திரிக எலும்பின் பின்சுவரைச் சிறிதளவு அகற்றினார்கள். நுண்ணோக்கியின் கீழ், மின்தூண்டலால் நரம்பிழைகள் எங்கே ஓடுகின்றன என்று சோதித்துக்கொண்டே, இழையில்லாத இடத்தில் பையைத் திறந்தார்கள். நீர் வடிந்தபின், தொளதொளத்த சுவரை மடித்து வேரைச் சுற்றித் தைத்தார்கள். மீதி இடத்தை அவருடைய உடலிலிருந்தே எடுத்த கொழுப்பால் நிரப்பி, நீர் கசியாதபடி பசைபோன்ற மருந்தால் மூடினார்கள். பையை முழுவதும் எடுக்கவில்லை. சுவரில் நரம்பு ஓடுகிறது என்று முன்னே சொன்னோமே, அதற்காகத்தான்.

இந்த அறுவையில் ஆபத்து இல்லாமல் இல்லை. தண்டுவட நீர் கசியலாம், மூளைக்காய்ச்சல் வரலாம், பை மீண்டும் நிரம்பலாம், சிறுநீர்த் தொந்தரவு கூடிவிடவும் செய்யலாம். இவற்றையெல்லாம் முந்தின நாள் அவருக்கும் அவர் கணவருக்கும் நம் பேச்சுத் தமிழில் சொல்லி, அவர்கள் திரும்பச் சொல்லக் கேட்டபின்தான் கையெழுத்து வாங்கினார்கள். எங்கள் நர்ஸ் ஒருவர் கூடவே போயிருந்தார். அந்தச் சகோதரி கேட்டது ஒரே கேள்வி: "சரியாயிட்டா நான் கோயில்ல உக்காரலாமா, அக்கா?"

ஆறு மாதம் ஆயிற்று. முழுச் சுகம் என்று சொல்ல மாட்டோம். தொடையின் பின்புறம் ஓரிடத்தில் மரத்துத்தான் இருக்கிறது. நீண்டகாலம் நசுங்கிய நரம்பு முன்னிருந்தபடியே திரும்புவது எப்போதும் நடப்பதல்ல. நாங்கள் முதல் முறையே கேட்டிருந்தால் அதுவும் மிஞ்சியிருக்குமோ என்ற எண்ணம் எங்களை விடவில்லை. ஆனால் சிறுநீர் சரியாகக் கழிகிறது. எரிச்சல் போய்விட்டது. ஒரு மணி நேரம் தட்டோடு உட்காருகிறார், எழுந்து சற்று நடக்கிறார், மறுபடியும் உட்காருகிறார். கடந்த மாதம் நாங்கள் அவர் ஊருக்கு ஆராதனைக்குப் போயிருந்தோம். சுவரோரம் தேடினோம், அங்கே இல்லை. முன்வரிசையில் பாயில், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்பானவர்களே, அந்தப் பெரியவரின் கேள்விக்கு இப்போது முழுப் பதில் சொல்லுகிறோம். உங்கள் காணிக்கை ஆபரேஷனுக்குப் போகிறது, மெய்தான். ஸ்கேனுக்கும், பஸ் சார்ஜுக்கும், துணைக்கு வந்தவரின் சாப்பாட்டுக்கும் போகிறது. அதைவிட முக்கியமாக, ஒரு நர்ஸ் ஒரு நோயாளியின் அருகில் கால்மணி நேரம் நின்று கேட்பதற்கும், ஒரு மருத்துவர் ஒரு காலை விரல்விரலாகத் தொட்டுப் பார்ப்பதற்கும் போகிறது. வரிசை நீளமாயிருக்கும்போது அந்தக் கால்மணி நேரத்தை வாங்கித் தருவது நீங்கள்தாம். அந்தச் சகோதரிக்கு ஆபரேஷனைக் கொடுத்ததும் அதுதான். ஓட்டுநர் ஐயாவை ஆபரேஷனிலிருந்து காத்ததும் அதுதான். இந்தச் சம்பவத்துக்குப் பின், இடுப்புவலியோடு இரண்டாம் முறை வரும் எவரையும் நாள் குறித்துத் தனியே உட்காரவைத்து விசாரிப்பதை வழக்கமாக்கியிருக்கிறோம். உட்கார முடியாவிட்டால் நிற்கவைத்தே விசாரிக்கிறோம்.

முடிக்குமுன், உங்கள் வீடுகளில் சொல்லிவைக்க ஒரு காரியம். சாதாரண இடுப்புவலி பெரும்பாலும் சில வாரங்களில் தணியும், பயப்பட வேண்டாம். ஆனால் முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் கழிந்தாலோ, மலத்தை அடக்க முடியாமற் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முக்கியமாக, வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். தாய்மார்களே, உங்கள் மருமக்களிடமும் மகள்களிடமும் இதைச் சொல்லுங்கள். எங்கள் காதில் விழ வேண்டிய வார்த்தை அதுவாகவே இருக்கலாம்.

உங்கள் சபையில் எவராவது உட்காராமல் பின்னால் நின்றுகொண்டிருந்தால், ஏன் நிற்கிறாய் என்று கடிந்துகொள்ளாமல், என்ன செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வேலையின் முதற்பாதியை அங்கேயே நீங்கள் செய்துவிடுவீர்கள்.